மினுவோட வாந்தி நோட்டு

சாப்பிட்டுக்கிட்டே படிக்கிற பழக்கம் உள்ளவங்க தயவுசெஞ்சு தட்டைக் கழுவி வச்சுட்டு வாங்க. மேட்டர் அப்படி. ஆரம்பத்துலேருந்து கடைசி வரி வரைக்கும் வாந்திதான். அதுவும் பூனை வாந்தி. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது, சொல்லிட்டேன் :-)

எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கு. அட்டையில என் பொண்ணு ஸ்கெட்ச் பேனாவால 'மினு'ன்னு எழுதி, மீசையெல்லாம் வரைஞ்சு வச்சிருக்கா. உள்ள பிரிச்சா பால் கணக்கு, இஸ்திரி கணக்கு மாதிரி வரிசையா இருக்கும். தேதி, மணி, என்ன சாப்பிட்டுச்சு, எவ்வளவு நேரம் கழிச்சுக் கக்குச்சு, என்ன நிறம், முடி இருந்துச்சா, நுரையா தண்ணியா. வீட்டுக்கு வந்த ஒரு நண்பர் ஏதோ சமையல் குறிப்புன்னு நினைச்சு எடுத்துப் பிரிச்சுட்டு, அன்னிக்கு எங்க வீட்ல காபி கூட வேணாம்னுட்டாரு. அவ்வ்வ்...

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

ஆபீஸ் என்னைக் கொல்கத்தாவுக்குத் தூக்கிப் போட்டது 2021ல. வேலை சால்ட் லேக் செக்டார் 5ல. ஆனா வீடு பார்த்தது ஊரோட இந்தக் கோடியில, லேக் மார்க்கெட் பக்கம். தினம் ஒரு மணி நேரம் பஸ்ல நசுங்கினாலும் பரவாயில்லை, இட்லி அரிசியும் பெருங்காயமும் வெத்தலையும் ஃபில்டர் காபிப்பொடியும் நடக்கிற தூரத்துல கிடைக்கணும்னு தங்கமணி போட்ட கண்டிஷன்.

2023 ஜூன்ல ஒரு மழை ராத்திரி மாடிப்படிக்குக் கீழ ஒரு குட்டி கத்திக்கிட்டிருந்துச்சு. உள்ளங்கை அளவு. உடம்பெல்லாம் சாம்பல், மூக்கு மட்டும் வெள்ளை. மேல் வீட்டு காகிமா (நம்ம ஊர் சித்தி மாதிரி, தெருவுல எல்லாருக்கும் காகிமா) எட்டிப் பார்த்துட்டு, "அது மா ஷஷ்டியோட வாகனம், விரட்டிடாதே"ன்னாங்க. இங்க ஷஷ்டின்னா குழந்தைகளைக் காப்பாத்துற அம்மன், அவங்களுக்குப் பூனைதான் வாகனம். வீட்ல சின்னப் பொண்ணு வேற இருக்கா, வாகனத்தை மழையில விடறதான்னு தங்கமணி ஒரு துண்டை எடுத்துக்கிட்டுக் கீழ போயிட்டாங்க. அவ்வளவுதான். மினு வந்துட்டா.

நாங்க முட்டை கூட உள்ள வராத வீடு. அதனால மினுவுக்குக் கிடைச்சது பாலும் தயிர் சாதமும். பூனைன்னா பால் குடிக்கும்னுதானே ஒண்ணாங்கிளாஸ் புத்தகத்துலேருந்து படிச்சிருக்கோம்? நாலே நாள்ல ஆரம்பிச்சுது. சோபாவுல, செருப்புக்குள்ள, ஒரு தடவை என் லேப்டாப் பை மேல. காகிமாகிட்ட கேட்டா, "பெரால் தோ பொமி கொரேயி"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. பூனைன்னா வாந்தி எடுக்கத்தான் செய்யும்னு அர்த்தம். இந்த ஒரு வரி எப்படி என் மண்டைக்குள்ள போய் உக்காந்துச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

டாக்டர் ஒருத்தர் கிடைச்சார். நல்ல மனுஷன், அதிகம் பேச மாட்டார். போன உடனே கேள்வி மேல கேள்வி. எத்தனை தடவை? சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு? வயிறு எக்கி எக்கி, ஓக்காளம் போட்டு எடுத்துச்சா, இல்ல சும்மா வாயைத் திறந்து கொட்டுச்சா? நான் திருதிருன்னு முழிச்சேன். "அடுத்த தடவை எழுதிக்கிட்டு வாங்க"ன்னார். அப்படிப் பொறந்ததுதான் இந்த நோட்டு.

மொதல் பாடம், பாலை நிறுத்துன்னார். பால் குடிக்கிற வயசு தாண்டினதும் பெரும்பாலான பூனைகளுக்குப் பால்ல இருக்கிற லாக்டோஸைச் செரிக்கிற சக்தி குறைஞ்சுடுமாம். அடுத்தது இன்னும் பெரிய குண்டு. பூனை கறி, மீன் சாப்பிட்டே ஆகணும். டாரின்னு ஒரு சத்து, அதைப் பூனை உடம்பு தேவையான அளவு தானா செஞ்சுக்காது, காய்கறியிலயும் கிடைக்காது. அது இல்லாம போனா கண்ணு போகும்னு 1970கள்ல கண்டுபிடிச்சாங்க. இதயமும் பலவீனமாகும்னு தெரிஞ்சது 1987ல. தயிர் சாதத்தை நம்பி இருந்தா மினு கதை அவ்வளவுதான்.

அப்புறம் என்ன, ஞாயித்துக்கிழமை காலையில கையில பையோட மீன் மார்க்கெட்ல நின்னேன். எங்க தாத்தா மேலேருந்து பார்த்திருந்தா மயக்கம் போட்டிருப்பார். மீன்காரர் தரையில உக்காந்து, நம்ம அரிவாள்மணையோட அண்ணன் மாதிரி ஒரு போட்டியைக் காலால அழுத்திக்கிட்டு ருய் மீனைச் சீவுறார். எனக்கா பார்க்க முடியலை. பூனைக்குன்னதும் முள் இல்லாம தனியா எடுத்துக் குடுத்தார். பால்கனியில தனி இண்டக்‌ஷன் அடுப்பு, தனிப் பாத்திரம். உப்பு, மஞ்சள் எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டு கண்டிப்பா கிடையாது. அது பூனையோட ரத்தச் சிவப்பணுக்களை உடைச்சுடும். கூடவே டாக்டர் சொன்ன பூனை உணவும்.

இதுக்கப்புறமும் வாந்தி நிக்கலைங்க. ஆனா நோட்டு பேச ஆரம்பிச்சுது. ரெண்டு வாரம் எழுதினதை வரிசையா படிச்சா, பாதிக்கு மேல சாப்பிட்ட அஞ்சு நிமிஷத்துக்குள்ள. ஓக்காளமே இல்லை. தின்னது தின்னபடி, நீளமா கொழுக்கட்டை மாதிரி வெளிய வருது. டாக்டர் பார்த்துட்டு, இது வாந்தியே இல்லை, அவசரத்துல முழுங்கினது திரும்பி வருதுன்னார். தெருவுல பிறந்த குட்டி இல்லையா, அடுத்த வேளை கிடைக்குமோ கிடைக்காதோங்கிற பயம். தங்கமணி பழைய இட்லித் தட்டை எடுத்து, ஒவ்வொரு குழியிலயும் கொஞ்சம் கொஞ்சமா வச்சாங்க. ஒரு குழி முடிச்சு அடுத்த குழிக்குப் போறதுக்குள்ள வேகம் குறைஞ்சுடுச்சு. ரெண்டு வேளைச் சாப்பாட்டை நாலா பிரிச்சோம். அந்த வகை வாந்தி அத்தோட காலி. கடையில இதுக்குன்னே ஒரு தட்டு விக்கிறானாம். எங்க வீட்ல இட்லித் தட்டுதான்.

ஒரு தடவை வெள்ளையா சேமியா மாதிரி ரெண்டு நெளிஞ்சுது. (தட்டைக் கழுவிட்டீங்கதானே?) உருண்டைப் புழு. தாய்ப்பால் வழியாவே குட்டிக்கு வந்துடுமாம். பூச்சி மருந்து குடுத்தோம். இன்னொரு தடவை நாங்க ஊருக்குப் போனப்ப பார்த்துக்கிட்ட பையன் வேற கம்பெனி தீனி வச்சுட்டான், மூணு நாள் ரணகளம். தீனி மாத்துறதா இருந்தா பழசுல புதுசைக் கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கணும். 2024 மார்ச்ல வெயில் ஏறினதும் முடி கொட்ட ஆரம்பிச்சு, விரல் நீளத்துக்கு முடி உருண்டை வந்துச்சு. பூனை நாக்கை விரலால தடவிப் பார்த்திருக்கீங்களா? உப்புத்தாள் மாதிரி இருக்கும். குட்டிக்குட்டி முள்ளு, எல்லாமே தொண்டையைப் பார்த்து வளைஞ்சிருக்கும். நக்கும்போது நாக்குல ஒட்டினது எதையும் அதால துப்ப முடியாது. உள்ளதான் போகும். தினமும் சீவி விட்டோம், அதுவும் குறைஞ்சுது.

மாசத்துக்கு ஒம்பது பத்துன்னு இருந்தது ஏப்ரல்ல ஒண்ணே ஒண்ணு. எனக்குத் தலைகால் புரியலை. ஆபீஸ்ல பூனை வச்சிருக்கிறவங்க எல்லாம் என்கிட்ட யோசனை கேட்க ஆரம்பிச்சாங்க. நானும் கேட்டவங்க கேட்காதவங்க எல்லாருக்கும் அள்ளி விட்டேன். பாராசிட்டமால் மட்டும் குடுத்துடாதீங்க, ஒரு மாத்திரை போதும் பூனை செத்துப் போக. லில்லிப் பூங்கொத்து வாங்காதீங்க, அதோட மகரந்தம் பட்டு நக்கினாலே கிட்னி போயிடும். எங்க வீட்டுக்கு வர்ற மல்லிகை அந்த லிஸ்ட்ல இல்லைன்னு கூட தேடிப் பார்த்து வச்சிருந்தேன். பூவைப் பத்தி யோசிச்ச எனக்கு, நூலைப் பத்தித் தோணலை.

ஏப்ரல் நடுவுல அம்மா கும்பகோணத்துலேருந்து வந்தாங்க. மினுவைப் பார்த்ததும் மொதல் வார்த்தை, "அது சாமி ரூமுக்குள்ள வராதுல்ல?" மீன் வேகும்போது முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு வாசப்பக்கம் போயிடுவாங்க. ஆனா நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ், பொண்ணு ஸ்கூல். பகல்ல அம்மாவும் அதுவும்தான். "கக்குச்சுன்னா மட்டும் இதுல எழுதி வைம்மா"ன்னு நோட்டைக் காட்டினேன். "போற காலத்துல எனக்கு இந்த வேலையா"ன்னாங்க. எழுதினாங்க.

வெள்ளிக்கிழமைன்னா அம்மாவுக்குப் பூக் கட்டியாகணும். லேக் மார்க்கெட்ல உதிரிப்பூ கிடைக்கும், இங்க அதுக்குப் பேர் பேல் ஃபூல். வாழை நார் கிடைக்காதுன்னு ஊர்லேருந்தே ஒரு நூல்கண்டு கொண்டு வந்திருந்தாங்க. கால் கட்டைவிரல்ல நூலை மாட்டிக்கிட்டு, டிவியைப் பார்த்துக்கிட்டே கட்டுவாங்க. விரலே தெரியாது, அப்படி ஒரு வேகம். எதிர்ல மினு உக்காந்து நூல் போற பக்கமெல்லாம் தலையை ஆட்டும். பார்க்க அழகா இருந்துச்சு. போட்டோ கூட எடுத்தேன்.

2024 மே 24, வெள்ளிக்கிழமை. அன்னிக்கும் பூக் கட்டினாங்க.

அடுத்து நான் எழுதப் போறது அம்மாவோட கையெழுத்துல நோட்டுல அப்படியே இருக்கு.

'சனி பகல் 2.10. நுரை. முடி இல்லை. சனி 4.40. மஞ்சத் தண்ணி. இரவு 9. ஒண்ணும் வரலை, ஓக்காளம் மட்டும். ஞாயிறு காலை. மீன் வச்சேன். மோந்து பார்த்துட்டுப் போயிட்டா. கட்டிலுக்கு அடியில இருக்கா. கூப்பிட்டா வரலை.'

சனிக்கிழமை சாயந்திரமே அம்மா சொன்னாங்க. "இது வேற மாதிரி இருக்குடா. முடின்னா கக்கிட்டு எழுந்து ஓடும். இது கக்கிட்டு அங்கேயே குந்தியிருக்கு."

"ஹேர்பால்தாம்மா. வெயில் காலம்."

"இல்லடா, மூஞ்சியே சரியில்லை. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடேன்."

"அம்மா, நான் ஒரு வருஷமா பார்க்குறேன். நீ வந்து ஒன்றரை மாசம்தான் ஆகுது. பூனைன்னா வாந்தி எடுக்கும்."

காகிமா சொன்ன அதே வரி. என் வாயிலேருந்து வந்துச்சு. இத்தனைக்கும் நோட்டோட கடைசிப் பக்கத்துல, டாக்டர் சொல்லி நானே சிவப்பு மையில எழுதி வச்சிருக்கேன்: ஒரே நாள்ல மூணு தடவைக்கு மேல, அல்லது சாப்பாட்டைத் தொடாம ஒளிஞ்சுக்கிட்டா, காத்திருக்காதே. அந்தப் பக்கத்தை நான் திருப்பலை.

ஞாயித்துக்கிழமை காலையில கட்டிலுக்கு அடியில எட்டிப் பார்த்தப்பதான் எனக்கும் உதைச்சுது. அன்னிக்குத்தான் ரெமால் புயல் கரையைக் கடக்குது. மத்தியானத்துலேருந்து விமான நிலையத்தையே மூடிட்டாங்க, 21 மணி நேரம். க்ளினிக் கிடையாது. டாக்டருக்குப் போன் போட்டேன். "நாக்கைத் தூக்கி அடியில பாருங்க, நூல் ஏதாவது தெரியுதா? தெரிஞ்சா இழுத்துடாதீங்க. சாப்பாடு குடுக்காதீங்க. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ கொண்டு வாங்க." கரண்ட் போயிடுச்சு. பொண்ணு டார்ச் பிடிக்க, நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். கடிச்சுது பாருங்க, இன்னிக்கும் தழும்பு இருக்கு. ஒண்ணும் தெரியலை. வாந்தி நிக்க நமக்குக் குடுக்கிற மாத்திரையில கால்வாசி குடுக்கலாமான்னு தங்கமணி கேட்டாங்க. டாக்டரைக் கேட்காம வேணாம்னுட்டேன். அந்த ரெண்டு நாள்ல நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அதுதான். வாந்தி நின்னுடும், உள்ள அடைப்பு அப்படியே இருக்கும், நாமளும் சரியாயிடுச்சுன்னு நினைச்சுப்போம்னு பின்னாடி டாக்டர் சொன்னார்.

ராத்திரி முழுக்க ஜன்னல் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அம்மா படுக்கலை. கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்திருந்தாங்க.

திங்கள் காலையிலயும் மழை விடலை. தெருவுல முழங்கால் தண்ணி. ஆட்டோ இல்லை, டாக்ஸி இல்லை. துணி போடுற பிளாஸ்டிக் கூடையில மினுவை வச்சு, அம்மா தன்னோட பழைய புடவையைக் கிழிச்சு மேல வேடு கட்டிக் குடுத்தாங்க. கூடையைத் தலையில தூக்கிக்கிட்டு ஒன்றரை கிலோமீட்டர். உள்ளேருந்து ஒரு சத்தம் கூட வரலை. சண்டை போட்டுக் கத்துற பூனை. அந்த அமைதிதான் ரொம்பப் பயமா இருந்துச்சு. டாக்டரும் பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு அதே தண்ணியில நடந்து வந்து சேர்ந்தார்.

மினு வாயைத் திறந்து, கட்டைவிரலால தாடைக்குக் கீழேருந்து அழுத்தினார். நாக்கு மேல எழும்புச்சு. அடியில மெல்லிசா ஒரு கோடு. நூல். சதைக்குள்ள பாதி பதிஞ்சு போயிருந்துச்சு.

ஸ்கேன்ல காட்டி விளக்கினார். நூலோட ஒரு முனை நாக்குல மாட்டிக்கிச்சு, மீதி குடலுக்குள்ள போயிடுச்சு. குடல் சும்மா இருக்காது, சாப்பாட்டைத் தள்ளுறதுக்கு அலை மாதிரி அசைஞ்சுக்கிட்டே இருக்கும். நூல் நகராது. அதனால குடல் நூல் மேல ஏறி ஏறி மடிப்பு மடிப்பா சுருங்கிடும். நம்ம பாட்டிங்க இடுப்புல சொருகிக்கிற சுருக்குப் பையோட நாடாவை இழுத்தா வாய் எப்படிச் சுருங்கும், அதே மாதிரி. இன்னும் விட்டா அந்த நூல் குடலை அறுத்துடும். நாமளா வெளிய தெரியுற முனையைப் பிடிச்சு இழுத்தாலும் அதேதான் நடக்கும். பெரிய இடத்துக்குப் போறதுன்னா ஊரோட வடக்குக் கோடியில பெல்காச்சியா. 1893ல ஆரம்பிச்ச காலேஜ், நம்ம வேப்பேரியை விட பத்து வருஷம் மூத்தது. ஆனா அந்தத் தண்ணியில அவ்வளவு தூரம் எப்படிப் போறது? "இங்கேயே திறக்குறேன்"ன்னார்.

ரெண்டு மணி நேரம். இரைப்பையில ஒரு இடத்துல, சிறுகுடல்ல ரெண்டு இடத்துல வெட்டி எடுத்தாங்க. குடல் அறுபடலை. இன்னும் ஒரு நாள் போயிருந்தா சொல்ல முடியாதுன்னார். வெளிய வந்து ஒரு ஸ்டீல் தட்டைக் காட்டினார். கிட்டத்தட்ட ஒரு முழம் நூல். சும்மா நூல் இல்லை. சீரா, ஒரே இடைவெளியில முடிச்சு முடிச்சா இருந்துச்சு. ஒரு முடிச்சுல காய்ஞ்ச மொட்டு ஒண்ணு இன்னும் மாட்டியிருந்துச்சு.

அந்த முடிச்சு எனக்குத் தெரியும். ஸ்கூல் படிக்கும்போது அக்கா தலையில தினமும் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாங்க, "என்னடா இருந்துச்சு வயித்துல?" "நூல்"னேன். "என்ன நூல்?" நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள தங்கமணி, "என் தையல் நூல் அத்தை. மிஷின் மேலயே வச்சுட்டேன்"னாங்க. அம்மா அதுக்கு மேல ஒண்ணும் கேட்கலை. செலவு எவ்வளவுன்னு கேட்டாங்க. பாதியா குறைச்சுச் சொன்னேன்.

அப்புறம் பத்து நாள் மினு கழுத்துல புனல் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா. பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தாலே ஈரல்ல கொழுப்பு படிஞ்சு அது தனி வியாதியாயிடுமாம், அதனால டாக்டர் சொன்ன பக்குவத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும். பகல்ல யாரு? அம்மாதான். மூக்கைப் பொத்திக்கிட்டு வாசலுக்கு ஓடினவங்க, மீனைக் கையால மசிச்சு, முள் இருக்கான்னு விரலால தடவிப் பார்த்து, சிரிஞ்சுல எடுத்துக் கடைவாயில விட்டாங்க. "முழுங்குடி, முழுங்கு. யாரு உன்னை நூல் திங்கச் சொன்னா?" ஊட்டி முடிச்சதும் தலைக்குக் குளிச்சுட்டு விளக்கேத்துவாங்க. அது மட்டும் மாறலை.

அடுத்த வெள்ளிக்கிழமை பூ வாங்கலை. அதுக்கு அடுத்ததும் வாங்கலை. முட்டி வலின்னாங்க. நூல்கண்டைக் காணோம்.

அம்மா ஆகஸ்ட்ல ஊருக்குக் கிளம்பிப் போனப்புறம் ஒரு நாள், தடுப்பூசி தேதி பார்க்கிறதுக்காக நோட்டைப் புரட்டினேன். மே மாசப் பக்கத்துல, சனிக்கிழமை பகல் 2.10க்கு மேல, இடுக்குல நுணுக்கி நுணுக்கி ஒரு வரி. வேற பேனா. பின்னாடி எழுதியிருக்காங்க.

'வெள்ளி. ரெண்டு முழம் கட்டினேன். சாமிக்குப் போடும்போது ஒரு முழம்தான் இருந்துச்சு. நான் தேடலை.'

தங்கமணிகிட்ட காட்டினேன். படிச்சுட்டு நோட்டை என் கையிலயே குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

அம்மாவுக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன். என்னன்னு ஆரம்பிக்கிறது? வச்சுட்டேன். அப்புறம் பேனாவை எடுத்து, சனிக்கிழமை இரவு 9க்குக் கீழ இருந்த கொஞ்சூண்டு இடத்துல எழுதினேன்.

'சனி சாயந்திரம். அம்மா சொன்னாங்க. நான் கேட்கலை.'

மினு இப்ப நாலரை கிலோ. போன மாசம் ஒரே ஒரு தடவை. முடி இருந்துச்சு, கக்கிட்டு எழுந்து ஓடிட்டா.